நூலக ஐயாவின் மூன்று அட்டைகள்

எங்கள் தோட்டப் பள்ளியின் நூலகத்தைக் கவனித்த நூலக ஐயா மறைந்த செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த சில வாரங்களில், ஆறாம் ஆண்டில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஐயாவின் வீட்டில் கிடைத்த மூன்று அட்டைகளை மெல்பர்னுக்கு அனுப்பியிருந்தார். மூன்றும் ரப்பரைப் பற்றிய ஒரே புத்தகத்துக்கு ஐயா எழுதிய நூலகப் பட்டியல் அட்டைகள்.

அந்தப் புத்தகத்தை நான் மறக்க முடியாது. சபைகூடலுக்கு முன்பே வந்து, மூன்று நாள் உழைத்து, அலமாரிப் புத்தகங்களையெல்லாம் உயர வாரியாக, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தேன். எல்லார் முன்னிலையிலும் ஐயா அந்த ஒரு புத்தகத்தைக் கேட்டார். ஓய்வு மணி அடிக்கும்வரை தேடியும் அது அகப்படவில்லை. "யாருக்காக அடுக்கினாய்?" என்று அவர் கேட்டபோது அழுதுவிட்டேன்.

அன்று பள்ளி விட்டபின் அருகில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் தரும் பால்மரம் பயிரிடுபவருக்குப் பயிர், விற்பவருக்குச் சரக்கு, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் கூடலுக்கு, போகும் நம் தாய்மாருக்குப் பிழைப்பு. புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்கும், தேடுபவரோ எந்த வாசல் வழியாகவும் வருவார், ஆகவே வாசலுக்கு ஓர் அட்டை வேண்டும் என்றார்.

பின்னாளில் நூலகவியல் படித்தபோது, அமெரிக்க நூலகர் டூயி 1876இல் வெளியிட்ட, நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் பகுப்புமுறையில் ரப்பர்ப் பயிர் 633இலும் ரப்பர்ப் பொருள் உற்பத்தி 678இலும் பிரிந்து நிற்பதைக் கண்டு ஐயாவை நினைத்துக்கொண்டேன். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையோ, எந்தப் பயிர், அதில் என்ன வேலை, எந்த நாடு, எந்தக் காலம் என ஒரு பொருளின் முகங்களைத் தனித்தனியே பிரித்து, பிறகு கோத்து எண் அமைக்கிறது. என் மனத்துக்கு இன்றும் நெருக்கமானது அதுதான். ஐயா இவர்களைப் படித்திருந்தாரா என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம். விடுமுறைக்கு ஊர் போனபோதெல்லாம் அதற்கு நேரம் இருந்தது.

தோட்டம் கைமாறிப் பள்ளி இடம்பெயர்ந்தபோது, நம் புத்தகங்களைச் சாக்கில் கட்டி லோரியில் ஏற்றினார்களாம். வகை பிரித்து, எண்ணிட்டு அனுப்பத் தெரிந்த ஒருவர் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்; நான் இங்கே யாருடைய நூல்களுக்கோ எண் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் அட்டையின் தலைப்பில் 'தோட்டத் தொழிலாளர்' என்றும், அடியில் 'இரண்டாம் அலமாரி, மேல்தட்டு' என்றும் ஐயாவின் சாய்ந்த கையெழுத்து இன்னும் மங்காமல் இருக்கிறது.