ஆத்து நீச்சல்காரர்கள் கடலில் முங்கும்போது

குறுக்குத்துறையில் குதித்துப் பழகிய நம்ம திருநெல்வேலிப் பிள்ளைகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து காலூன்றியதும், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் முங்க விட்சண்டே தீவுகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மொத்தம் 74 தீவுகள். ஏர்லி பீச்சில் காலையில் பாய்மரப் படகு ஏறினால் சாயங்காலம் திரும்பலாம். அவசியம் போங்கள். ஆனால் ஆத்துப் பழக்கம் ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்; அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் நம்ம கரையில் கச்சான் அடிக்கும்போது அங்கே தென்கிழக்குக் காற்று, குளிர்காலமும்கூட. கடல்நீர் 22 டிகிரி வரை இறங்கும். உவரி, இடிந்தகரைப் பிள்ளைகளுக்கு அலை புதிதில்லை. பாளையங்கோட்டைக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பே குமட்டல் மாத்திரை போட்டு, இரண்டு இட்லியாவது சாப்பிட்டு ஏறுங்கள். வெறும் வயிறு கூடுதலாகப் புரட்டும்.

படகுக்காரர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். வயதைப் பார்க்காதீர்கள். "குனி" என்றால் உடனே குனிய வேண்டும்: பாய் பக்கம் மாறும்போது பூம் என்கிற குறுக்குக்கட்டை தலைமட்டத்தில் வீசிவரும். கயிறு இழுக்கச் சொன்னால் வின்ச் என்கிற கயிறு சுற்றும் உருளையில் வலஞ்சுழியாக மூன்று சுற்று. விரல் உருளைக்குக் கிட்டே போகக்கூடாது.

முங்கும் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தால் பெரும்பாலும் மீசைதான் காரணம். மூக்குக்குக் கீழே ஒரு நூலளவு சிரைத்தால் போதும். காது அடைப்பது முதல் சில மீட்டரில்தான் அதிகம். வலி வருவதற்கு முன்பே, மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். விடவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி பாருங்கள். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

இப்போது அந்தப் பழக்கம்: ஆத்தில் மூச்சைப் பிடித்துத்தான் முங்குவோம். சிலிண்டரோடு அதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு பங்காக விரியும். அடைத்து வைத்தால் நுரையீரல் கிழியும். பயந்தாலும் மூச்சை விட்டுக்கொண்டே வாருங்கள். சிலிண்டரில் காற்றின் அழுத்தத்தை பார் என்கிற அளவில் காட்டும்; 200 பாரில் இறங்கினால் 50 பார் மிச்சமிருக்கும்போது மேலே இருக்க வேண்டும். வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

நவம்பர் முதல் மே வரை சொறிமீன் காலம், உடம்பை மூடும் உடுப்பு இல்லாமல் இறங்காதீர்கள். கொட்டினால் தேய்க்கக் கூடாது, வினிகரை 30 விநாடி ஊற்றுங்கள். ஒயிட்ஹேவன் கடற்கரையில் மணல் 7 கிலோமீட்டர் வெள்ளை வெளேரென்று கிடக்கும்; ஹில் இன்லெட் என்கிற கழிமுகத்தில் மணலும் நீரும் கலந்து கோலம் போடுவதை வற்று நேரத்தில் மேட்டிலிருந்து பாருங்கள்.

ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் கவனியுங்கள். இரண்டு மூன்று முறை முங்கியவர் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. மத்தியானம் 2 மணிக்குக் கடைசியாக மேலே வந்தால், மறுநாள் காலை 8 மணிக்குப் பிறகுதான்.