சேர்மனுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை

பேரூராட்சித் தேர்தல் பேச்சு மெல்லக் கிளம்பிவிட்டது. 2022 மார்ச் மாதம் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. இனி கவுன்சிலர்கள் தெருவிளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள், சாக்கடையைக் குனிந்து பார்ப்பார்கள்.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அடுத்த சேர்மன் யாரு?" போன முறை 2022 பிப்ரவரி 19 அன்று நாம் போட்ட ஓட்டு வார்டு உறுப்பினருக்கு மட்டும். சேர்மனை மார்ச் 4 அன்று கவுன்சிலர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஆகவே வீட்டு வாசலுக்கு வருபவரிடம் குடிநீர், குப்பை பற்றிக் கேட்டுவிட்டு, "உள்ளே போய் சேர்மனா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்றும் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. ஆனால் போஸ்டரில் வேட்பாளரைவிடக் கணவரின் படம் பெரிதாக இருந்தால், கூட்டத்தில் யார் பேசப்போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குள்ள கவலை வேறு. காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அப்படி இருந்தும் 2016 அக்டோபரில் மன்றங்கள் காலாவதியானபின் 2022 வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அந்த ஐந்து வருடமும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டுவதற்குக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை.

அப்புறம், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? போன முறை ஒரே வீட்டில் இருந்தும் அம்மா ஒரு வார்டு, நான் ஒரு வார்டு.