பிரித்த நூல்

மனநல மறுவாழ்வு மையம் ஒன்றில் கைவேலை வழியாகச் சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் வேலை பார்த்தபோது எங்களிடம் ஆறு சின்னத் தறிகள் இருந்தன. தறி என்றால் மரச்சட்டம்தான், ஆணி அடித்துப் பாவு என்கிற நெடுக்கு நூலைக் கட்டி, ஊடை என்கிற குறுக்கு நூலைக் கையாலேயே மேலும் கீழுமாகக் கோத்துச் சீப்பால் தட்டி இறக்க வேண்டும். மாத்திரையால் கை நடுங்குகிறவர்களுக்கும் அந்த வேகம் ஒத்துவரும், பாதியில் எழுந்து போனாலும் விட்ட இடத்தை நூலே காட்டிக்கொடுக்கும்.

நெய்ததை மேஜை விரிப்பாக விற்போம். அதனால் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கோணலான வரிசைகளைப் பிரித்து நானே நெய்து வைப்பேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

அதிகம் பேசாத ஒரு அக்கா இருந்தார். ஊடையை இறுக்கி இழுத்தால் ஓரம் உள்வாங்கும், அவருடையதில் நாலு விரல் அளவுக்கு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டேன். மறுநாள் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் அங்கே நின்றது.

"எம்புள்ள வந்துட்டுப் போன அன்னிக்குப் போட்டது. யாரு டீச்சர் பிரிச்சா?"

நான்தான் என்றேன். அப்புறம் மூன்று வாரம் தறிப்பக்கமே வரவில்லை.

அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட்டைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவர், காது கேட்காது, பேச்சும் இல்லை, 35 வருடம் காப்பகங்களில் கழிந்தது. அவருடையது மனநோய் அல்ல, ஆனாலும் அடைத்து வைத்தார்கள். 1987-இல் ஓக்லாந்தின் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்துக்கு வந்தும் ஏறத்தாழ இரண்டு வருடம் வரைவதில் மனம் ஒட்டவில்லை. நூல் கைக்கு வந்த பிறகு, 2005-இல் இறக்கும்வரை, கிடைத்த பொருளையெல்லாம் சுற்றிச் சுற்றிக் கட்டிச் சிற்பமாக்கினார். அங்கே நூலைக் கொடுத்துவிட்டு அவர் போக்கில் விட்டார்கள். நான் நூலையும் கொடுத்து, எங்கள் மையத்தில் இருந்தவர்கள் நெய்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

விற்பனைக்கு வேறு தறி, அவரவருக்கு வேறு தறி என்று பிரித்து வைத்தோம். விற்பனை குறைந்தது, அதற்காக மேலே பதில் சொல்ல வேண்டியும் வந்தது. சரி, சொன்னேன்.

கழிவு நூல் பையைத் தரையில் கொட்டித் தேடினேன். அக்காவின் பச்சை நூல் கிடைத்தது. பிரித்து இத்தனை நாளாகியும் பாவில் ஏறி இறங்கிய நெளிவு அப்படியே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்து, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். பதில் சொல்லவில்லை. நூலை நீவாமல் நெளிவோடு முழங்கையில் சுற்றிக்கொண்டு, நான் நெய்திருந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.