வேர்டிலில் யார் கெட்டி?

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்கும் வேர்டில் (Wordle) ஆட்டத்தில் கெட்டி ஆண்களா பெண்களா என்று எங்கள் செம்பூர் சொசைட்டியின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. மாமாக்கள் மூன்றாவது வரியிலேயே முடித்துவிட்டால் சரியான எழுத்துகளைக் காட்டும் பச்சைக் கட்டங்களைக் குழுவில் போட்டு மார்தட்டுகிறார்கள். ஆறு வாய்ப்பும் போய்விட்டால் அன்று முழுக்க மௌன விரதம். எதிர்வீட்டு அக்கா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே முடித்து, யாரிடமும் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறார். அப்புறம் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

சரி, ஒன்று சொல்கிறேன். ஜோஷ் வார்டில் என்பவர் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே தன் இணை பாலக் ஷாவுக்காகத்தான். சுமார் 12,000 ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைச் சலித்து, விடைக்கு லாயக்கான 2,500 சொச்சத்தைப் பொறுக்கிக் கொடுத்தவரும் அந்தப் பெண்மணிதான். நியூயார்க் டைம்ஸ் வாங்கியதெல்லாம் அப்புறம், 2022இல்.

இதைக் குழுவில் போட்டேன். "கேள்வித்தாள் தயாரிப்பது வேறு, பரீட்சை எழுதுவது வேறு, இதெல்லாம் போங்கு" என்கிறார் மூன்றாம் மாடி மாமா.