உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்: செவிலியர் பலர் அறியாத பணி

செவிலியர் படிப்பை முடித்தவர்கள் வார்டையும் வெளிநாட்டையும் ஆசிரியப் பணியையும் தாண்டி யோசிப்பது குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனை பதிவு பெறுவதற்கே ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவை. செவிலியர் அப்பணிக்கு வரலாம்.

மூளைச்சாவை மருத்துவக் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்த பின், செயற்கை சுவாசக் கருவியான வென்டிலேட்டரால் மகனின் நெஞ்சு இன்னும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் அவன் இறந்துவிட்டான் என்பதை விளங்கவைப்பதும், உறுப்பு தானத்துக்கு அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிப்பதும், இசைந்தால் ஒப்புதல் படிவம் முதல் உடலை ஒப்படைப்பது வரை உடன் நிற்பதும் ஒருங்கிணைப்பாளரின் வேலை. விபத்து வழக்கென்றால் காவல்துறை, பிரேதப் பரிசோதனை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். வென்டிலேட்டரின் ஒலியையும் உறவினரின் மௌனத்தையும் ஒருசேர அறிந்த தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரைவிட இதற்குப் பொருத்தமானவர் இல்லை என்றே கருதுகிறேன்.