ஓ.எல் இங்கிலிஷ்: ‘நைஸ்’ஐ வெட்டுங்க

ஓ.எல், அதான் சாதாரண தரப் பரீட்சை, ரிசல்ட்ஸ் வந்திட்டு. இங்கிலிஷ் ஏ. அம்மா நம்பாம இன்டெக்ஸ் நம்பரைத் திருப்பித் திருப்பி அடிச்சுப் பார்த்தா. அடுத்த முறை எழுதப்போற தம்பி தங்கச்சிமாருக்கு இதைச் சூட்டோட சூடா எழுதுறன்.

முதலாம் பேப்பரைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். பாஸ்ட் பேப்பர் செய்தாக் காணும். சண்டை முழுக்க கட்டுரை எழுதுற 16ஆவது டெஸ்ட்லதான்.

மட்டக்களப்புப் பிள்ளையள் நாம எந்தத் தலைப்பு வந்தாலும் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போயிருவம். ‘பாசிக்குடா இஸ் எ நைஸ் பிளேஸ். த சீ இஸ் நைஸ். வி ஹேட் எ நைஸ் லஞ்ச்.’ திருத்துற ஆளுக்கு இதில கடலும் தெரியாது, சோறும் தெரியாது.

நான் செய்தது இதுதான். எழுதிப் பழகக்குள்ள ‘நைஸ்’ வாற இடமெல்லாம் வட்டம் போட்டு, “எப்பிடி?” எண்டு கேட்பன். கடல் எப்பிடி? கனதூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பளவுதான்: ‘ஷாலோ’. பெரிய அலை இல்ல: ‘காம்’. மீன் பொரியல்? நல்ல உறைப்பு: ‘ஸ்பைசி’. மார்க்ஸ் ஏறினது இதாலதான், வேற ஒண்டாலயும் இல்ல.

கோபத்தில இந்தச் சொல்லுட பூர்வீகத்தையும் தேடினன். லத்தீனில ‘நெஸ்கியுஸ்’ எண்டா அறியாதவன். ‘நெ’ இல்லை, ‘ஸ்கீரே’ அறிதல். பழைய பிரெஞ்சு வழியா 1300ஆம் ஆண்டளவில இங்கிலிஷுக்கு வரக்குள்ள அர்த்தம் மடையன்! பிறகு எதிலயும் நொட்டை பிடிக்கிறவன், பிறகு நுணுக்கமானது. 1700களிலதான் இனிமையானது எண்டு ஆகியிருக்கு. ‘சயன்ஸ்’ வந்ததும் அதே ‘ஸ்கீரே’யில இருந்துதான், பாருங்களன். நுணுக்கம் இன்னும் சாகல்ல: ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ எண்டா நூலிழை வேறுபாடு. வாசிப்புப் பகுதியில கண்டா நல்ல வேறுபாடு எண்டு விளங்கிராதீங்க. நாம ‘மாவை நைசா அரை’ எண்டுறதும் அதுக்குக் கிட்டத்தான் நிக்குது.

மிச்சம் சுருக்கமா:

- ‘நைஸர்’, ‘நைஸஸ்ட்’. ‘மோர் நைஸ்’ எழுதினாப் போச்சு.
- ஆளைப் பற்றியெண்டா ‘கைண்ட்’, ‘பேஷன்ட்’, ‘ஹெல்ப்ஃபுல்’. எது பொருந்துமோ அது.
- டயலொக்ல ‘நைஸ் டு மீட் யூ’வை விட்டுவைங்க.
- வெட்டின இடத்தில ‘பியூட்டிஃபுல்’ போடாதீங்க. அது நைஸுட தங்கச்சி.
- ஸ்பெலிங் தெரியாத சொல்லு எவ்வளவு வடிவா இருந்தாலும் வேணாம்.
- கட்டுரையைப் பாடமாக்கிற ஆக்களுக்கு இது சரிவராது. எனக்குப் பாடமாக்க ஏலாது, அதாலதான் இந்த வழி.