பாட்டியின் புடவை நனைந்த இரவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பாட்டியை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். 82 வயது, மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அலையில் நின்றார், புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. மேற்கு மாம்பலம் திரும்பி ரசம் சாதம் சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாம் அழிந்துபோயிற்று. "பீச் எப்படி இருந்தது பாட்டி?" என்றால், "நான் எங்கடா போனேன்?" என்கிறார்.

சரி என்று படுக்கவைத்தேன். கண் செருகுகிற நேரத்தில் சட்டென்று இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு, "புடவை நனையுதுடா, பின்னாடி வா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

2000-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு செய்த ஆய்வு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூளையில் புது நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் சிதைந்து, எதுவுமே தங்காத ஐந்து பேரை, மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்குகிற டெட்ரிஸ் என்ற வீடியோ கேமை ஆடவைத்தார்கள். ஆடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை, ஆனால் தூக்கம் வரும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டபோது, கட்டங்கள் விழுந்து திரும்புவதாக மூன்று பேர் சொன்னார்கள். எங்கே, எப்போது, யாரோடு என்று கோர்த்துச் சொல்ல ஹிப்போகாம்பஸ் வேண்டும். பார்த்ததும் தொட்டதும் பதிந்த தடம் பெருமூளையின் வெளிப்பகுதியில் தனியாகக் கிடக்கிறது, தூக்கம் அதை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. பாட்டிக்கு வந்திருப்பது வேறு நோய்தான், ஆனாலும் அந்தக் கால் இழுத்ததை நான் வேறெப்படியும் புரிந்துகொள்ள முடியவில்லை.

கைக்கும் இப்படி ஒரு நினைவு உண்டு. 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் புது நினைவே தங்காமல் போன ஹென்றி மொலேசனை, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார் மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கோடு திருந்தியது, அவருக்கோ ஒவ்வொரு நாளும் அது முதல் தடவை. எங்கள் வாசலில் தினமும் காலையில் பார்க்கிறேனே, இன்று என்ன கிழமை என்று தெரியாத பாட்டி போடும் சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பாது.

"அம்மாவுக்கு ஞாபகமே இருக்கப் போறதில்ல, எதுக்குடா அலைக்கழிக்கிற?" என்று அத்தை போனில் கேட்கிறார். அக்கறையில்தான் கேட்கிறார், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று ராத்திரி கால்களை இழுத்துக்கொண்டபோது பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சனிக்கிழமையும் போகிறோம். மாற்றுப் புடவை எடுத்து வைத்துவிட்டேன்.